கொரியத் தொழில்முறை பேஸ்பால்: எந்த அரங்கம், எந்தப் பக்கம், எந்த இருக்கை?

பயணப்பை எழுதியது:

மே மாத முதல் வாரத்தில் அலுவல் தொடர்பாகச் சியோலுக்கு வருகிறேன். மனைவியும் பன்னிரண்டு வயது மகனும் உடன் வருகிறார்கள். அரண்மனைகளையும் கடைத்தெருக்களையும் பற்றி இந்தக் குழுமத்தில் வேண்டிய அளவுக்கு எழுதிவிட்டீர்கள். நான் கேட்பது பேஸ்பால் பற்றி. கொரியாவுக்குப் போகிறவர்கள் கேபிஓ லீக் ஆட்டம் ஒன்றையாவது அரங்கில் பார்த்துவிட வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள், ஆனால் எப்படிப் பார்ப்பது என்று யாரும் விரிவாகச் சொல்வதில்லை. கொரிய மொழி தெரியாத, உள்ளூர்க் கைபேசி எண் இல்லாத ஒருவருக்கு நுழைவுச்சீட்டு கிடைக்குமா? கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்த பையனுக்கு மூன்று மணி நேரம் பொறுமை இருக்குமா? மனைவி சைவம் என்பதால் அங்கே சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்பதையும் யாராவது சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஹான்நதிக்கரை எழுதியது:

முதல் ஆட்டம் என்றால் ஜம்சில் அரங்கத்துக்கே போங்கள். சியோல் சுரங்க ரயிலின் இரண்டாம், ஒன்பதாம் தடங்கள் சந்திக்கும் விளையாட்டு வளாக நிலையத்தில் இறங்கி, ஐந்தாம் அல்லது ஆறாம் வாயில் வழியே மேலே ஏறினால் அரங்கம் எதிரே நிற்கும். 1982 இல் திறக்கப்பட்ட இந்த அரங்கத்தை எல்ஜி ட்வின்ஸ், டூசான் பேர்ஸ் என்ற இரண்டு அணிகள் சொந்த அரங்கமாகப் பகிர்ந்துகொள்வதால், திங்கள்கிழமை தவிர வாரத்தின் பெரும்பாலான நாள்களில் இங்கே ஆட்டம் இருக்கும் (திங்கள் லீக் முழுமைக்கும் ஓய்வு நாள்). இப்போதே போய்ப் பார்க்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2026 பருவம் முடிந்ததும் இதை இடித்துவிட்டுக் குவிமாட அரங்கம் கட்டுவதும், அது எழும்வரை பக்கத்திலுள்ள ஒலிம்பிக் மைதானத்தில் ஆட்டங்களை நடத்துவதும் நகர நிர்வாகத்தின் திட்டம்.

நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இருக்கையின் விலையை அல்ல, பக்கத்தை. ஜம்சிலில் முதல் தளத்தின் (மட்டையாளர் ஓடித் தொட வேண்டிய முதல் 'பேஸ்') பக்கம் சொந்த அணியின் ரசிகர்களும், மூன்றாம் தளத்தின் பக்கம் வந்த அணியின் ரசிகர்களும் அமர்வார்கள். இரண்டு பக்கங்களிலும் பார்வையாளர்களை நோக்கி ஒரு சிறு மேடை இருக்கும். அதில் வெள்ளைக் கையுறையும் ஊதலுமாக முழக்கத் தலைவர் ஒருவர் நிற்பார். தம் அணி மட்டையடிக்கும் நேரம் முழுக்க அவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடிதான் வேலை செய்வார். ஒவ்வொரு மட்டையாளருக்கும் தனிப் பாட்டும் தனிக் கையசைவும் உண்டு. பாட்டு இரண்டே வரிதான், அதிலும் பாதி அந்த ஆட்டக்காரரின் பெயர். ஒருவர் மூன்று முறை களமிறங்குவதற்குள் உங்கள் மகன் அதைப் பாடத் தொடங்கிவிடுவான். சேப்பாக்கத்தில் நான்கோ ஆறோ அடித்த பிறகு கூட்டம் எழும். இங்கே பந்து வீசப்படும் முன்பே எழுந்து நின்று, வீசி முடியும்வரை பாடிக்கொண்டே இருப்பார்கள். தம் அணி பந்து வீசும் முறை வந்ததும் அமர்ந்து சாப்பிடத் தொடங்குவார்கள், எதிர்ப்பக்கம் எழுந்துகொள்ளும்.

ஆகவே மேடைக்கு அருகிலுள்ள முழக்கப் பகுதியில் இடம் பிடியுங்கள். ஜம்சிலில் அதற்கு ஆரஞ்சு இருக்கை என்று பெயர்.

மூன்றாம்தளம் எழுதியது:

மேலே எழுதிய நண்பரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆரஞ்சு இருக்கையில் ஒலிபெருக்கிக்குப் பத்தடி தூரத்தில் அமர்ந்து பேஸ்பால் பார்ப்பவர் பேஸ்பாலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வருவார். பேஸ்பாலே புதிதான பையனுக்கு, பந்து வீச்சாளருக்கும் மட்டையாளருக்கும் இடையே நடப்பது என்னவென்று தெரிய வேண்டாமா? மட்டையாளருக்குப் பின்னால், வலைக்கு அப்பால் உள்ள இருக்கைகள் விலை கூடியவை, கிடைத்தால் விடாதீர்கள். பந்து வளைந்து இறங்குவதையும், பிடிப்பவரின் கையுறை கடைசி நொடியில் நகர்வதையும் அங்கிருந்துதான் காண முடியும்.

ஜம்சில் களம் ஓரங்களில் 100 மீட்டர், நடுவில் 125 மீட்டர்; இந்த லீக்கின் மிகப் பெரிய களம் இதுதான். இங்கே எல்லைச் சுவரைத் தாண்டும் அடிகள் குறைவு, இடைவெளிகளில் பந்தைத் தட்டிவிட்டு ஓடுவது அதிகம். இந்த ஓட்டத்தை மேடை ஓரத்திலிருந்து பார்த்தால் எதிரே எழுந்து நிற்கும் முதுகுகள்தான் தெரியும்.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். 2024 முதல் இந்த லீக்கில், மட்டையாளர் அடிக்காமல் விட்ட பந்து ஸ்ட்ரைக்கா (அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்தது) பாலா (எல்லைக்கு வெளியே போனது) என்பதை நடுவர் தாமாகத் தீர்மானிப்பதில்லை. கேமராக்கள் கணித்துச் சொல்வதைக் காதிலுள்ள கருவியில் கேட்டு அறிவிக்கிறார். ஒரு நாட்டின் முதல்நிலைத் தொழில்முறை லீக் இந்த முறையை முழுமையாக ஏற்றது இதுவே முதல் முறை. அதனால் நடுவரோடு வாக்குவாதம் செய்யும் காட்சி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. எனக்கு அதில் சிறு வருத்தம் உண்டு என்பது வேறு விஷயம்.

ஹான்நதிக்கரை எழுதியது:

பந்து வளைவதைப் பார்க்கத் தொலைக்காட்சி போதும், ஐயா. வலைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கும் பேஸ்பால் உலகில் பல நாடுகளில் கிடைக்கும். ஒரு வாரம் மட்டும் வந்து போகிறவர் கொரியாவில் மட்டுமே கிடைப்பதை விட்டுவிட்டு அதற்குப் பணம் கொடுக்கச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

சுவோன்வாசி எழுதியது:

இருவரும் இருக்கைக்குச் சண்டையிடுகிறீர்கள். அந்த இருக்கை கிடைப்பதே இப்போது பெரிய பாடு என்பதைக் கேட்டவரிடம் யாரும் சொல்லவில்லை. 2024 இல் இந்த லீக்கின் பார்வையாளர் எண்ணிக்கை முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. 2025 இல் ஒரு கோடியே இருபது இலட்சத்தையும் தாண்டிவிட்டது. பத்து அணிகள், அணிக்கு 144 ஆட்டங்கள் என்ற கணக்கில் பார்த்தால், சராசரியாக ஓர் ஆட்டத்துக்குப் பதினேழாயிரம் பேர் வருகிறார்கள். அரங்கங்களில் பெரியவையே இருபத்துநாலாயிரத்துக்குள்தான். இருபதுகளில் உள்ள பெண்கள் பெருமளவில் ரசிகர்களாக மாறியதும், ஆட்டத் துணுக்குகளை நாற்பது நொடிக்குள் வெட்டி யாரும் சமூக ஊடகங்களில் பகிரலாம் என்று 2024 இல் அனுமதி கிடைத்ததும் இந்தப் பெருக்கத்துக்கு முக்கியக் காரணங்கள்.

சீட்டு விற்பனை பொதுவாக ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு தொடங்கும். கட்டணம் கட்டிய உறுப்பினர்களுக்கு அதற்கும் முன்பே திறந்துவிடுவார்கள். சொந்த அணி எதுவோ அதுதான் சீட்டு விற்கும் இணையதளத்தைத் தீர்மானிக்கும் என்பதால், ஒரே ஜம்சில் அரங்கத்துக்கு எல்ஜி ஆடும் நாளில் ஒரு தளத்திலும் டூசான் ஆடும் நாளில் வேறொரு தளத்திலும் தேட வேண்டும். பெரும்பாலான தளங்கள் உள்ளூர்க் கைபேசி எண்ணால் அடையாளத்தை உறுதிப்படுத்தச் சொல்லும். குடியிருப்பு அட்டை உள்ள எங்களைப் போன்றவர்களுக்கு அது தடையில்லை, சுற்றுலாப் பயணிக்குத் தடைதான். சில அணிகளின் ஆட்டங்களை வெளிநாட்டவருக்கான தனிப் பக்கத்தில் கடவுச்சீட்டுப் பெயரில் விற்கிறார்கள். முதலில் அங்கே பாருங்கள். இங்கே தெரிந்தவர் இருந்தால் அவர் பெயரில் எடுப்பதே எளிது. ஆட்டத்துக்கு முந்தைய இரவிலும் அன்று காலையிலும் ரத்தான இருக்கைகள் ஒன்றிரண்டாகத் திரும்ப வரும். மூன்று இருக்கைகள் சேர்ந்து கிடைக்காவிட்டாலும் இரண்டும் ஒன்றுமாக எடுத்துவிடுங்கள்.

மறுவிற்பனை செய்பவர்களிடம் போகாதீர்கள். என் நண்பர் ஒருவர் முகவர் தளம் ஒன்றில் மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கினார். வாயிலில் காட்டியபோது அந்தச் சீட்டு ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தது. பணமும் திரும்பவில்லை.

மே 5 கொரியாவில் குழந்தைகள் தினம். அன்று ஜம்சிலில் எல்ஜியும் டூசானும் மோதுவது 1996 முதல் ஓரிரு ஆண்டுகள் தவிர மரபாகவே நடந்துவருகிறது. ஒரே அரங்கத்தைப் பகிரும் இரண்டு அணிகள் என்பதால் அரங்கம் சரிபாதியாகப் பிரிந்து அதிரும். அன்றைய சீட்டு கிடைத்தால் லாட்டரி அடித்த மாதிரிதான். அதை நம்பிப் பயணத் திட்டம் போட வேண்டாம்.

புசான்அலை எழுதியது:

சியோலில் இருப்பவர்கள் சியோலைத்தான் சொல்வார்கள். அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம் வந்தால் புசான். அங்கே சஜிக் அரங்கம். லொட்டே ஜயன்ட்ஸ் கோப்பையை வென்றது 1984 இலும் 1992 இலும் மட்டுமே. பத்து அணிகளில் மிக நீண்ட காலமாகக் கோப்பைக்குக் காத்திருப்பது எங்கள் அணிதான். ஆனாலும் மாலை ஆறரை மணி ஆட்டத்துக்கு ஐந்து மணிக்கே கூட்டம் வரத் தொடங்கிவிடும்.

எதிரணிப் பந்து வீச்சாளர், தளத்தில் நிற்கும் எங்கள் ஓட்டக்காரரைப் பிடிப்பதற்காகப் பந்தை அந்தப் பக்கம் எறிந்தால், அரங்கம் முழுவதும் ஒரே குரலில் "மா!" என்று அதட்டும். புசான் வட்டாரப் பேச்சில் அது "டேய்!" போன்ற ஓர் அதட்டல். இருபதாயிரம் தொண்டைகளிலிருந்து ஒரே எழுத்து வெடித்து உடனே நின்றுவிடும்; பையன்களுக்கு மிகவும் பிடிக்கும். இருக்கைப் பக்கம் பறந்துவரும் பந்தைப் பெரியவர் ஒருவர் பிடித்தால், "அஜுரா" என்று சுற்றியிருப்பவர்கள் கத்துவார்கள். பக்கத்தில் உள்ள குழந்தைக்குக் கொடு என்பது அதன் பொருள், கொடுக்காமல் தப்ப முடியாது. செய்தித்தாளைக் கிழித்துக் குஞ்சமாக ஆட்டுவதும், ஆரஞ்சு நிறக் குப்பைப் பையில் காற்றடைத்துத் தலையில் கட்டிக்கொள்வதும் இந்த ஊரின் அடையாளங்களாக இருந்தவை. சுற்றுச்சூழல் கருதி அந்தப் பை வழக்கம் குறைந்துவிட்டது.

அரங்கத்துக்கு வெளியே சொய் தொங்வொனின் சிலை இருக்கிறது. 1984 இறுதித் தொடரில் நான்கு வெற்றிகளையும் தம் ஒரே கையால் ஈட்டித் தந்த பந்து வீச்சாளர் அவர். மகனுக்குச் சொல்லிக் காட்டுங்கள்.

தேஜன்மாணவன் எழுதியது:

இரண்டரை மணி நேரப் பயணம் அதிகம் என்றால், ஒரு மணி நேரத்தில் தேஜன் வந்துவிடலாம். ஹன்வா ஈகிள்ஸின் புதிய அரங்கம் 2025 மார்ச்சில் திறக்கப்பட்டது. வலப்பக்க எல்லையில் எட்டு மீட்டர் உயரச் சுவர் ஒன்று நிற்கிறது. நீச்சல் குளத்தில் இருந்தபடியே ஆட்டம் பார்க்கும் இடமும் உண்டு.

ஆனால் நான் சொல்ல வருவது குளத்தைப் பற்றி அல்ல. ஹன்வா 1999 இல் ஒரே ஒரு முறை கோப்பையை வென்றது. அதன் பிறகு பல பருவங்கள் அடிமட்டத்தில் கிடந்ததால், எதையும் தாங்கும் இந்த ரசிகர்களைப் போதிசத்துவர்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலியும் மரியாதையுமாக அழைப்பார்கள். எட்டாவது இன்னிங்ஸில் (இரு அணிகளும் ஒருமுறை மட்டையடிக்கும் சுற்றுதான் இன்னிங்ஸ், வழக்கமாக ஆட்டத்துக்கு ஒன்பது) ஹன்வா மட்டையடிக்க வரும்போது ஒலிபெருக்கிகளை அணைத்துவிடுவார்கள். பாட்டு இல்லை, மேளம் இல்லை. எல்லோரும் எழுந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்து, உடலைப் பின்னுக்கு வளைத்து, "சொய்! காங்! ஹான்! ஹ்வா!" என்று ஒவ்வோர் அசையாக அடிவயிற்றிலிருந்து கத்துவார்கள். ஹன்வாதான் மிக வலிமையானது என்று அதற்குப் பொருள். கடைசி இடத்தில் இருந்த ஆண்டுகளிலும் இதே சொற்களைத்தான் கத்தினார்கள். அணி 2025 இல் இறுதித் தொடர்வரை சென்று எல்ஜியிடம் தோற்றது. அந்த ஆண்டு பெரும்பாலான சொந்த ஆட்டங்களுக்குச் சீட்டு மிச்சமில்லை. மூன்றாம்தளம் அவர்கள் ஒலிபெருக்கியைக் குறை சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

மூன்றாம்தளம் எழுதியது:

அந்த எட்டாவது இன்னிங்ஸை நானும் கேட்டிருக்கிறேன். அதற்கு மட்டும் விலக்கு அளிக்கிறேன்.

பயணப்பை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தேஜனும் புசானும் இந்தப் பயணத்தில் இயலாது. சியோலுக்குள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டும். மூன்று ஐயங்கள் மீதம் உள்ளன. ஒன்று உணவு. இரண்டாவது, மழை வந்தால் பணம் என்ன ஆகும்? மூன்றாவது மகனுடையது: ஊர்ப் பெயரே இல்லாமல் எல்லா அணிக்கும் நிறுவனத்தின் பெயர் எதற்கு, தொலைபேசி நிறுவனத்துக்காக ஒருவர் எப்படித் தொண்டை கிழியக் கத்துவார் என்று கேட்கிறான்.

இஞ்சோன்அம்மா எழுதியது:

உணவைப் பற்றி நான் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளோடு போகிறவள். சைவர்களுக்கு அரங்கத்துக்குள் கிடைப்பது உருளைக்கிழங்கு வறுவல், சோளப்பொரி, பழத் துண்டுகள், குளிர்பானம் ஆகியவைதான். காரமான அரிசிக் கேக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதன் குழம்பில் பெரும்பாலும் நெத்திலிச் சாறும் மீன் பலகாரமும் சேர்ந்திருக்கும். ஆனால் வெளியிலிருந்து உணவு கொண்டுபோவதை இங்கே தடுப்பதில்லை. கண்ணாடிப் புட்டியும் தகர டப்பாவும் மட்டும் கூடாது. நான் புளிச்சாதத்தை டப்பாவில் அடைத்து எடுத்துப் போவேன். பக்கத்து இருக்கையில் பொரித்த கோழியும் பீரும் மணக்கும்போது அதைத் திறந்து சாப்பிடுவதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். அசைவம் சாப்பிடுகிறவர் நீங்கள் என்றால், ஜம்சில் அரங்கத்துக்கு ஒரு நிலையம் முன்பே இறங்கி, அருகிலுள்ள சேமவுல் சந்தையில் இனிப்புக் காரக் கோழியை வாங்கிக்கொண்டு நடந்தே வாருங்கள். பலரும் அப்படித்தான் வருகிறார்கள். எங்கள் இஞ்சோன் அரங்கத்தில் மேசையிலேயே மின்சார அடுப்பு வைத்து இறைச்சி வாட்டிச் சாப்பிடும் இருக்கைகள்கூட உண்டு.

பிள்ளையோடு போவதால் இன்னொன்று. பார்வையாளர் பக்கம் பந்து பறந்து வந்தால் ஊழியர்கள் ஊதல் ஊதுவார்கள். ஊதல் கேட்டவுடன் கைபேசியை விட்டுவிட்டு மேலே பார்க்கப் பையனைப் பழக்குங்கள். வேகமாக வரும் பந்து எலும்பை முறிக்கும்.

மூன்றாம்தளம் எழுதியது:

மகனின் கேள்வி நல்ல கேள்வி. இந்த லீக் 1982 இல் ஆறு அணிகளோடு தொடங்கியது. அப்போது ஆட்சியில் இருந்தவர் சொன் தூஹ்வான் என்ற இராணுவத் தளபதி. மக்களின் கவனத்தை அரசியலிலிருந்து திருப்பவே அவருடைய ஆட்சி இந்த லீக்கை ஊக்குவித்தது என்பது இங்கே பரவலான கருத்து. தொங்தேமுன் அரங்கில் மார்ச் 27 அன்று முதல் பந்தை எறிந்தவரும் அவரே. அணி நடத்தப் பணம் இருந்தது பெருநிறுவனங்களிடம்தான். ஆகவே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வட்டாரம் ஒதுக்கப்பட்டது. பெயர் நிறுவனத்துடையது, இரசிகர்கள் வட்டாரத்தினர் என்ற ஏற்பாடு அப்படி வந்தது. இடையில் நிறுவனங்கள் மாறின: இஞ்சோனில் எஸ்கே வைவர்ன்ஸ் 2021 இல் எஸ்எஸ்ஜி லேண்டர்ஸ் ஆனது, குவாங்ஜுவில் ஹைதை டைகர்ஸ் 2001 இல் கியா டைகர்ஸ் ஆனது. இரசிகர்கள் இடம் மாறவில்லை. குவாங்ஜுவில் 1980 மே மாதத்தில் அந்த ஆட்சியை எதிர்த்து எழுந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஊர் அடுத்த இரு பத்தாண்டுகளில் ஒன்பது கோப்பைகளை வென்ற ஹைதை அணிக்காகக் கத்தியபோது, மிட்டாய் விற்கும் நிறுவனத்துக்காகக் கத்தவில்லை என்று மகனிடம் சொல்லுங்கள்.

சுவோன்வாசி எழுதியது:

மழை விவரம்: ஆட்டம் தொடங்கும் முன்பே ரத்தானாலோ, ஐந்து இன்னிங்ஸ் முடிவதற்குள் கைவிடப்பட்டாலோ, பணம் முழுவதும் திரும்ப வந்துவிடும், ஐந்து முடிந்த பிறகு மழை நிறுத்தினால் அது முழு ஆட்டமாகவே கணக்கு, பணம் கிடையாது. மே மாதத்தில் மழை பெரிய தொல்லை தராது. ஜூன் இறுதியில் தொடங்கும் பருவமழைதான் ஆட்டங்களைக் கலைக்கும். வெயிலும் இப்போது அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. 2024 ஆகஸ்ட் 2 அன்று உல்சானில் வெப்பத்துக்காக ஓர் ஆட்டத்தை ரத்துசெய்தார்கள், அதுவே இந்த லீக்கில் முதல் முறை.

மழையைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்றால் சியோலின் மேற்குப் பகுதியில் உள்ள கொச்சொக் குவிமாட அரங்கம் இருக்கிறது. முதல் தடத்தில் குயில் நிலையத்துக்கு அருகில், சுமார் 16,000 இருக்கைகள். அங்கே ஆடும் கியூம் ஹீரோஸ் 2023 முதல் 2025 வரை தொடர்ந்து மூன்று பருவங்கள் கடைசி இடத்தில் முடித்ததால், வார நாள்களில் சீட்டு ஒப்பீட்டளவில் எளிதாகக் கிடைக்கும். இந்த ஏழை அணியிலிருந்துதான் கிம் ஹாசொங், லீ ஜொங்ஹூ, கிம் ஹேசொங் போன்றவர்கள் அமெரிக்காவின் பெரிய லீக்குக்குப் போனார்கள். வளர்த்துவிடுவதும் விற்பதுமே அவர்கள் பிழைப்பு. வந்த அணியின் ரசிகர்கள் சொந்த ரசிகர்களைவிட அதிகமாக இருக்கும் நாள்கள் அங்கே உண்டு.

ஆட்டம் சமநிலையிலும் முடியலாம் என்பதைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 2025 முதல் பதினோராவது இன்னிங்ஸோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பயணப்பை எழுதியது:

வார நாள் மாலையில் ஜம்சிலுக்கு முயல்கிறேன், கிடைக்காவிட்டால் கொச்சொக். வெளிநாட்டவர் பக்கத்தில் டூசான் சொந்த அணியாக ஆடும் ஆட்டம் ஒன்று கண்ணில் பட்டது, எதிரணி லொட்டே. முதல் தளப் பக்கமா, மூன்றாம் தளப் பக்கமா?

புசான்அலை எழுதியது:

மூன்றாம் தளம். லொட்டே எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பக்கம் நிரம்பிவிடும், புசான் வராமலேயே "மா!" என்று கத்தலாம்.

ஹான்நதிக்கரை எழுதியது:

எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. டூசானின் வெள்ளைச் சட்டையை வாங்கி அணிந்துகொண்டு மட்டும் அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மூன்று மணி நேரமும் சுற்றிலும் உள்ளவர்கள் உங்களைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். மேடையிலிருந்து பத்து வரிசையாவது தள்ளி, நடைபாதை ஓரத்தில் எடுங்கள். மனைவிக்கு இரைச்சல் மிகுந்துவிட்டால் எழுந்துபோக வசதியாக இருக்கும். கொரியாவில் கூகுள் வரைபடம் நடைவழியைச் சரியாகக் காட்டாது. நேவர் என்ற கொரிய வரைபடச் செயலியை ஆங்கிலத்தில் அமைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் நிலையத்தின் படிக்கட்டில் கூட்டம் நெருக்கும். அரை மணி நேரம் இருக்கையிலேயே காத்திருந்தால் வென்ற அணியின் ஆட்டக்காரரை மேடைக்கு அழைத்துப் பேச வைப்பதையும் பார்க்கலாம். போகும்போது குப்பையை வகை பிரித்துப் போட வேண்டும், வாயிலருகே தொட்டிகள் இருக்கும்.